மினி டிராக்டர் புரோஷரில் இருக்கும் எண்கள் உங்கள் தோப்பில் என்ன வேலை செய்யும்?

மடத்துக்குளம் பக்கம் ஏறக்குறைய ஐந்து ஏக்கர் நிலம். மூன்றரை ஏக்கர் தென்னை, அதில் ஒரு பகுதியில் ஊடுபயிராக வாழை, மீதி ஒன்றரை ஏக்கர் அமராவதித் தண்ணீரில் நெல். இரண்டு கம்பெனி புரோஷரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டிலும் 24 எச்பி, இரண்டிலும் கருவியைத் தூக்கும் லிஃப்ட் 750 கிலோ, இரண்டும் ஃபோர் வீல் டிரைவ். எண்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது எதை வைத்து முடிவு செய்வது, இந்த அளவு வண்டி எனக்குப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புரோஷரில் உள்ள எண் வயலில் எவ்வளவு வேலையாக மாறும் என்பது முதல் கேள்வி. ஐந்து ஏக்கருக்குச் சொந்த வண்டி கட்டுமா என்பது இரண்டாவது. இரண்டாவதை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அதைத் தொடாமல் முதலாவதுக்கு மட்டும் பதில் சொன்னால் அது அரைப் பதில்தான். நான் வேளாண் பொறியியல் படித்தவன். கொங்குப் பகுதியில் பண்ணைக் கருவிகளைச் சோதிப்பதிலும், ஓட்டுபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலும் பல வருடம் போயிருக்கிறது. உங்கள் மண்ணை நான் பார்க்கவில்லை. அதனால் இயந்திரத்தைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவும், உங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு மதிப்பீடாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எச்பி. புரோஷரில் பெரிய எழுத்தில் இருப்பது இன்ஜினின் சக்தி. ஒரு எச்பி என்பது 0.7355 கிலோவாட், 24 எச்பி என்றால் சுமார் 17.6 கிலோவாட். இது இன்ஜினைத் தனியாகச் சோதனை மேடையில் ஏற்றி, ரேட்டட் ஆர்பிஎம்மில், அதாவது கம்பெனி குறித்த சுற்றுவேகத்தில், எடுக்கும் கணக்கு. கிளட்ச், கியர் பெட்டி, ஹைட்ராலிக் பம்ப் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் பிடிஓ தண்டுக்கு வருவது அதில் 85 முதல் 90 சதவீதம் வரை. அதாவது 24 எச்பி வண்டியில் பிடிஓவுக்கு 20 அல்லது 22 எச்பி கிடைக்கும். டயர் வழியாக மண்ணை இழுக்கும்போது இன்னும் குறையும். சேற்றிலும் உழுத மண்ணிலும் பாதி அளவுக்குக்கூட இறங்கிவிடும், ஏனென்றால் டயர் வழுக்குவதிலேயே சக்தி வீணாகிறது. மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் முதலில் பார்க்க வேண்டிய வரி பிடிஓ எச்பி. அந்த வரி இல்லாத புரோஷரை டீலரிடமே திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

அடுத்து டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை. விற்பனையாளர்கள் இதைப் பற்றி நிறையப் பேசுவார்கள், பாதி சரி. ஒரே 24 எச்பியை ஒரு இன்ஜின் 2300 ஆர்பிஎம்மிலும் இன்னொன்று 2600 ஆர்பிஎம்மிலும் கொடுக்கலாம். மஹிந்திரா ஜீவோ 245 டிஐ முதல் வகை, இரண்டு சிலிண்டர். குபோட்டா நியோஸ்டார் பி2441 இரண்டாவது வகை, மூன்று சிலிண்டர். கணக்குப் போட்டால் ரேட்டட் வேகத்தில் முதலாவதில் 73 நியூட்டன் மீட்டரும் இரண்டாவதில் 65 நியூட்டன் மீட்டரும் வருகிறது. இதைக் காட்டி "எங்கள் வண்டிக்கு இழுவை அதிகம்" என்று சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்குக் கியர் பெட்டியில் கூடுதலாகக் குறைத்துக் கொடுத்தால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை சமமாகிவிடும். பார்க்க வேண்டியது வேறு: அதிகபட்ச டார்க் ரேட்டட் டார்க்கைவிட எவ்வளவு கூடுதல் என்பது. ரேட்டட் வேகத்தில் 73, அதிகபட்சம் 85 என்று இருந்தால் 16 சதவீதம் கையிருப்பு. ரோட்டவேட்டர் ஒரு இறுகிய இடத்தில் மாட்டும்போது ஆர்பிஎம் இறங்கும்; இறங்க இறங்க டார்க் ஏறும் இன்ஜின் தானே சமாளித்து மீண்டு வரும். கையிருப்பு குறைவான இன்ஜின் அங்கேயே திணறி நிற்கும், ஓட்டுபவர் கிளட்சை மிதிக்க வேண்டியிருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். டெமோவுக்கு வண்டி வரும்போது டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள்ளை மட்டும் கவனியுங்கள். ரோட்டவேட்டரை இறக்குவதற்கு முன் முள் 2400இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கியதும் 2200க்கு வந்து அங்கேயே நின்றால் நல்லது. புல் கட்டியான இடத்தில் 1900 வரை இறங்கி, தாண்டியதும் இரண்டு மூன்று நொடியில் மறுபடி ஏறினாலும் பரவாயில்லை. 1800க்குக் கீழே போய், கரும்புகை கக்கி, ஓட்டுபவர் லிஃப்ட் லிவரை லேசாகத் தூக்கித் தூக்கிச் சமாளிக்கிறார் என்றால் அந்த ரோட்டவேட்டர் அந்த வண்டிக்குப் பெரியது. டெமோ ஓட்ட வருபவர்கள் கைதேர்ந்தவர்கள். லிவரில் விரல் அசைவது தெரியாத அளவுக்குச் செய்வார்கள். முள் மறைக்காது.

பிடிஓ பற்றி இன்னும் இரண்டு விஷயம். எந்தக் கருவியாக இருந்தாலும் பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும். அந்த 540 எந்த இன்ஜின் ஆர்பிஎம்மில் வருகிறது என்று பாருங்கள். ரேட்டட் வேகத்துக்குப் பக்கத்தில் வந்தால் ரோட்டவேட்டருக்கு முழுச் சக்தியும் கிடைக்கும். சில சின்ன வண்டிகளில் இரண்டாவதாக 750 போன்ற ஒரு வேகமும் இருக்கும். அது வேகமாகச் சுற்ற அல்ல: அந்தக் கியரில் போட்டு இன்ஜினைத் தாழ்வாக ஓட்டினால், ரேட்டட் வேகத்தின் 72 சதவீதத்திலேயே 540 வந்துவிடும். மருந்தடிக்கும் பம்ப் போன்ற லேசான வேலைக்கு டீசல் மிச்சம். இரண்டாவது, டூயல் கிளட்ச் அல்லது தனி பிடிஓ கிளட்ச் இருக்கிறதா என்பது. தென்னைக்கு நடுவே திரும்பும்போது வண்டியை நிறுத்தினாலும் ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்க இது வேண்டும். ஒற்றைக் கிளட்சில் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் கருவியும் சேர்ந்து நின்றுவிடும். தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவற்றில் பெரும்பாலானவை பெரிய டிராக்டரை மனத்தில் வைத்துச் செய்தவை. இயந்திரத்தின் தகட்டில் எத்தனை எச்பி கேட்கிறது என்று பார்க்காமல் 24 எச்பி வண்டியில் மாட்டாதீர்கள்.

ரோட்டவேட்டரின் அகலத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏக்கர் கணக்கு வரும். இந்த அளவு வண்டிக்கு ஒரு மீட்டரிலிருந்து 1.2 மீட்டர் வரை, அதாவது மூன்றரை முதல் நான்கு அடி வரை பொருந்தும். 1.2 மீட்டர் அகலத்தில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போனால் மணிக்கு 3000 சதுர மீட்டர். திரும்புவது, மேல்படிவது எல்லாம் போக 80 சதவீதம் என்று வைத்தால் 2400. ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். யாராவது "மணிக்கு ஒரு ஏக்கர் அடிக்கும்" என்று சொன்னால், மேலாகக் கீறிவிட்டுப் போனால் அடிக்கும். புழுதி பறக்கும், களை வேர் அப்படியே இருக்கும்.

கியர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். முன்னால் எட்டு, பின்னால் நான்கு என்பதும், முன்னால் ஒன்பது, பின்னால் மூன்று என்பதும் வயலில் பெரிய வித்தியாசம் இல்லை. புரோஷரின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு கியரிலும் எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவே எத்தனை கியர் விழுகிறது என்று எண்ணுங்கள். ரோட்டவேட்டருக்கு இரண்டு முதல் மூன்று, கொத்துக் கலப்பைக்கு நான்கு முதல் ஆறு. இந்த இடத்தில் மூன்று, நான்கு கியர் இருந்தால் மண்ணுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கிலோமீட்டரிலிருந்து ஒரே தாவலில் நாலரைக்குப் போகும் வண்டியில் எப்போதும் ஒன்று கூடும், இல்லை குறையும்.

லிஃப்ட் விஷயத்தில் 750 கிலோ என்பது பெரும்பாலும் கருவியை மாட்டும் கீழ் இணைப்புக் கைகளின் நுனியில் அளந்தது. கருவியின் பாரம் அந்த நுனியிலிருந்து பின்னால் தள்ளித்தான் இருக்கிறது. அதனால் சோதனைக் கூடங்களில் நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னாலும் ஒருமுறை அளப்பார்கள், அதில் எண் கணிசமாகக் குறையும். உங்களுக்கு அதுவும் போதும், நான்கு அடி ரோட்டவேட்டர் 250 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். பிரச்சினை லிஃப்ட் தூக்குமா என்பதில் வராது. தூக்கும்போது முன்சக்கரம் தரையில் நிற்குமா என்பதில் வரும். இந்த வண்டிகளின் எடையே ஒரு டன்னுக்குள்தான். பின்னால் 250 கிலோவைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடிக்காது. முன்னால் மாட்டும் எடைக்கட்டைகளை விலையோடு சேர்த்தே கேளுங்கள், பிறகு தனியாக வாங்கினால் வீண் செலவு. ஆழத்தையும் இழுவையையும் தானே சரிசெய்யும் ஏடிடிசி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கொத்துக் கலப்பை போடும்போது மேடு பள்ளத்தில் அதன் அருமை தெரியும்.

டிராக்டரின் இழுவை கடைசியில் எடையிலும் டயரிலும்தான் இருக்கிறது. எத்தனை எச்பி இருந்தாலும், காய்ந்த மண்ணில் டூ வீல் டிரைவ் வண்டி பின்னச்சின் மேல் இருக்கும் பாரத்தில் பாதிக்குச் சற்று மேல் இழுக்கும், ஈர மண்ணில் அதற்கும் குறைவு. சின்ன வண்டியில் எடை குறைவு, அதனால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பது அவசியமாகிறது. ஜப்பானில் சின்னச் சின்ன நெல் வயல்களுக்காக இந்த வகை வண்டிகள் வளர்ந்தபோது ஃபோர் வீல் டிரைவ் ஒட்டிக்கொண்டது இதனால்தான். லேசான வண்டி சேற்றில் புதையாது, அடி மண் இறுக்கத்தை உடைக்காது. உங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் இருப்பதால் இதில் நான் தயங்க மாட்டேன்: ஃபோர் வீல் டிரைவ் எடுங்கள். வெறும் தென்னை மட்டும் என்றால் டூ வீலே போதும் என்று சொல்லியிருப்பேன். தார் ரோட்டில் போகும்போது முன் இழுவையை எடுத்துவிட வேண்டும். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்படி வைத்திருப்பார்கள், கெட்டித் தரையில் அது டயரையும் கியர் பல்லையும் தேய்க்கும். டயர் மாற்றும்போதும் அதே அளவு டயர்தான் போட வேண்டும்.

நெல் வயலுக்கு இன்னொன்று, இதைப் புரோஷர் சொல்லாது. சேற்றுழவில் வண்டி கெட்டுப்போவது பெரும்பாலும் சீல் வழியாகத்தான். முன் அச்சிலும் பின் அச்சிலும் இருக்கும் சீல்களில் மணலும் சேறும் ஏறினால் தண்ணீர் உள்ளே போகும். தொளி அடித்து முடித்த மறுநாள் முன் அச்சின் அடித் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி, வழியும் முதல் சொட்டைப் பாருங்கள். ஆயில் தெளிவாக இருந்தால் திருகை மூடிவிடலாம். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த வாரமே ஆயிலை மாற்றி, சீலையும் மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் பேரிங்கும் பல்லும் துருப்பிடித்து, பட்டறைச் செலவு பல மடங்காகும். முன் அச்சில் மூடிய பெவல் கியர் வழியாகச் சக்தி போகும் வண்டிகள் சேற்றுக்கு நல்லவை. பிரேக்கும் ஆயிலில் மூழ்கிய வகையாக இருக்கட்டும். உலர் பிரேக்கில் சேறு புகுந்தால் பிடிக்காமல் போகும். சேற்றில் மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்டலாமா, எந்த அளவு மாட்டலாம் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறையில் அளவு தெரியாமல் செய்த அகலமான கேஜ் வீல் சின்ன வண்டியின் அச்சை வளைத்துவிடும்.

தென்னைக்கு மினி டிராக்டர்தான் சரி என்று பொதுவாகச் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. 25 அடிக்கு 25 அடி நடவில் இரண்டு மரத்துக்கு நடுவே 7.6 மீட்டர் இருக்கிறது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்குப் பாத்தியை விட்டால்கூட நடுவே நான்கு மீட்டர் வழி கிடைக்கும். 45 எச்பி வண்டி தாராளமாகப் போகும். சின்ன வண்டியின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: சொட்டுநீர்க் குழாய், தாழ்ந்த மட்டை, குட்டைக் கன்று இவற்றுக்கு நடுவே நுழைந்து திரும்புவது. திரும்பும் ஆரத்தைப் பிரேக் பிடித்து அளந்ததா, பிடிக்காமல் அளந்ததா என்று கேளுங்கள். புரோஷரில் சின்ன எண்ணைத்தான் போடுவார்கள். உருளாமல் காக்கும் கம்பி வளைவு இருந்தால் அது மடக்கும் வகையாக இருக்கட்டும், மட்டையில் இடிக்காது. பாத்திக்குள் ரோட்டவேட்டரை இறக்காதீர்கள். சாப்பாடு எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள்தான் இருக்கின்றன. நடுவழியிலும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம்.

அகலம் நிஜமாகவே கைகொடுப்பது வாழையில். 1.8 மீட்டர் வரிசை இடைவெளியில் ஒரு மீட்டரைச் சுற்றி அகலம் உள்ள வண்டி நுழைந்தால் இரண்டு பக்கமும் 40 சென்டிமீட்டர் மிஞ்சும். பின்டயரின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை நாடாவை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பதால் புரோஷரில் இருப்பது எந்த அமைப்பில் அளந்தது என்பது முக்கியம். வாழையிலும் முதல் மூன்று நான்கு மாதம்தான் வண்டி. அதன் பிறகு இலை விரிந்துவிடும், மேல் வேர் அறுபடும், முட்டுக்கொடுத்த கம்பு இடிபடும். குறுகிய அமைப்பில் சக்கரத்தை வைத்தால் வண்டி சாய்வில் கவிழும் ஆபத்தும் கூடுகிறது. வாய்க்கால் கரையில் ஏற்றும்போது சக்கரத்தை அகல வைத்து, கருவியைத் தாழ்வாக வைத்து, நேராக ஏற்ற வேண்டும். குறுக்கே ஏற்றவே கூடாது.

டிரெய்லர் பற்றியும் பயத்தோடுதான் சொல்கிறேன். 24 எச்பிக்கு மூன்று டன் இழுக்கச் சக்தி இருக்கிறது. நிறுத்தப் போதுமான எடை இல்லை. முக்கால் டன் வண்டியை மூன்று டன் தேங்காய் பாலத்து இறக்கத்தில் தள்ளிக்கொண்டே போகும். ஒன்றரை டன்னுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் பெடலையும் பூட்டி ஒன்றாக்குங்கள். ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி சுழன்று கவிழும். பிடிஓ தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாமல் ஒரு நாளும் ஓட்ட வேண்டாம். வேட்டி நுனி, துண்டு, சேலைத் தலைப்பு இவற்றை நிமிடத்துக்கு 540 சுற்றில் தண்டு இழுத்தால் கையை எடுக்க நேரம் இருக்காது. பழைய கருவி வாங்குபவர்கள் உறை உடைந்துபோனால் மாற்றுவதே இல்லை. விலை ஒன்றும் அதிகமில்லை.

இன்ஜினில் எத்தனை சிலிண்டர் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, ஆனால் அது ரசனை சேர்ந்த கருத்து. ஸ்வராஜ் 717 போல ஒற்றைச் சிலிண்டரில் 863.5 சிசி வைத்து 15 எச்பி எடுக்கும் வண்டிகள் எளிமையானவை, எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பார்ப்பார், அதிர்வு மட்டும் அதிகம். மூன்று சிலிண்டர் வண்டியில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இடுப்பு வலி குறைவு, உதிரிபாகத்தின் விலை கூடுதல். இந்த அளவு வண்டிகளில் பம்பும் இன்ஜெக்டரும் பெரும்பாலும் மெக்கானிக்கல்தான். 2023 ஜனவரியில் வந்த ட்ரெம் 4 புகை விதி 50 எச்பிக்கு மேல்தான் பொருந்தும், அதனால் அந்த விதியால் சென்சார் தொல்லை உங்களுக்கு வராது. தென்னந்தோப்பில் இன்ஜினைக் கெடுப்பது தூசியும் நாரும். ரேடியேட்டர் முன் வலையில் புல் விதையும் தேங்காய் நாரும் மெத்தை போல அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் மாலையில் அந்த வலையை எடுத்துத் தட்ட முடிகிறதா, அல்லது நான்கு போல்ட்டைக் கழற்ற வேண்டுமா என்று ஷோரூமில் நின்றபடியே செய்து பாருங்கள். கழற்றக் கஷ்டமாக இருந்தால் ஒரு மாதத்தில் விட்டுவிடுவீர்கள், வேலைக்காரரும் விட்டுவிடுவார்.

இவ்வளவையும் கம்பெனிக்காரர் வாயால் கேட்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. நாட்டில் விற்கும் டிராக்டர் மாடல்களை அங்கே சோதித்து அறிக்கை தருவார்கள். பிடிஓவில் கிடைத்த சக்தி, ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் டீசல், லிஃப்ட் நுனியிலும் பின்னாலும் எவ்வளவு, பிரேக், சத்தம், அதிர்வு, திரும்பும் ஆரம் எல்லாம் அதில் இருக்கும். சேற்றில் ஓட்டிவிட்டு எந்தப் பகுதிக்குள் தண்ணீர் புகுந்தது என்று பார்த்த பகுதியும் இருக்கும். உங்களுக்கு முழு அறிக்கையில் மிகவும் தேவையான பக்கம் அதுதான். நீங்கள் பார்க்கும் இரண்டு மாடலின் அறிக்கையையும் டீலரிடம் கேளுங்கள். ஒரே 24 எச்பி, ஒரே 750 கிலோ என்று தெரியும் வண்டிகள் பிரிந்து தெரியும் இடம் இந்த அறிக்கைதான்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. உங்கள் சொந்த வேலை வருடத்துக்கு எத்தனை மணி வரும்? தென்னை மூன்றரை ஏக்கருக்கு ஒரு முறைக்கு ஆறேழு மணி, வருடம் மூன்று முறை என்றால் 20. நெல்லுக்குப் புழுதியும் தொளியுமாக ஒரு போகத்துக்கு ஒன்பது மணி, இரண்டு போகம் 18. வாழைக்கு 10, டிரெய்லருக்கு 20. எப்படிக் கூட்டினாலும் 80ஐத் தாண்டவில்லை. கணக்குக்காக வண்டியும் ரோட்டவேட்டரும் சேர்த்து 7 லட்சம், பத்து வருடம் கழித்து 2 லட்சத்துக்குப் போகும் என்று வைப்போம். தேய்மானம் வருடம் 50,000. சராசரி முதல் நாலரை லட்சத்துக்கு 10 சதவீத வட்டி 45,000. இன்ஷூரன்ஸ், சில்லறைச் செலவு 10,000. வண்டி நின்றாலும் ஓடினாலும் வருடத்துக்கு 1,05,000 போகும். இன்ஜின் 12 கிலோவாட் கொடுத்துக்கொண்டிருந்தால் மணிக்குச் சுமார் நான்கு லிட்டர் டீசல், லிட்டர் 95 ரூபாய் என்றால் 380. 80 மணி ஓட்டினால் மணிக்கு 1,690 ரூபாய் அடக்கம். அதே வண்டி 400 மணி ஓடினால் 640. ஓட்டுபவர் கூலி இதில் இல்லை. உங்கள் ஊரில் மணி வாடகை என்ன என்று பார்த்து இந்த இரண்டு எண்ணோடும் ஒப்பிடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டியையும் சேர்த்துப் பாருங்கள், இ-வாடகை செயலியில் பதியலாம்.

கணக்கு மட்டும்தான் எல்லாம் என்று நான் சொல்லவில்லை. மழை பெய்து மண் பதமாக இருக்கும் இரண்டு நாளில் வாடகை வண்டி கிடைக்காமல் நாற்று முற்றிப்போகும் நஷ்டம் எந்தக் கணக்கிலும் வராது. ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். ஆனாலும் 80 மணிக்கு மட்டும் வாங்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பக்கத்தில் வாழை, கரும்பு போட்டவர்களுக்கு ஊடு உழவு ஓட்டிக்கொடுக்க உங்களாலோ உங்கள் வீட்டில் ஒருவராலோ முடியும் என்றால் வாங்குங்கள். பெரிய வண்டி நுழையாத வாழைத் தோட்டத்தில் சின்ன வண்டிக்கு வேலை தேடி வரும். அகலமான தென்னைத் தோப்பில் பெரிய வண்டியோடு போட்டிபோட்டு வாடகை ஓட்ட முடியாது, அங்கே ஐந்து, ஆறு அடி ரோட்டவேட்டர் போட்ட 45 எச்பி வண்டி உங்களைவிடச் சீக்கிரம் முடித்துவிடும்.

மானியத்தைப் பொறுத்தவரை, மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்போடு. ஒதுக்கீட்டைப் பொறுத்துத்தான் கிடைக்கும், அதனால் மானியம் வரும் என்று நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சிறு விவசாயிக்கு எல்லை இரண்டு ஹெக்டேர், அது 4.94 ஏக்கர். "ஏறக்குறைய ஐந்து" என்று நீங்கள் எழுதியிருப்பதால், பட்டாவில் இருக்கும் பரப்பை முதலில் ஹெக்டேரில் கூட்டிப் பாருங்கள். சில சென்ட் வித்தியாசத்தில் பத்து சதவீதம் போய்விடும். டிராக்டருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் விலைப்பட்டியல் அதற்கு முந்தையது என்றால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் 24 எச்பி ஃபோர் வீல் டிரைவ் உங்கள் நிலத்துக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். 15 எச்பி உங்கள் தொளிக்குத் திணறும், 28க்கு மேல் போனால் வாழைக்குள் நுழைய அகலம் இடிக்கும். உங்கள் மண் களியா, செம்மண்ணா என்பதைப் பொறுத்து ரோட்டவேட்டர் மூன்றரை அடியா நான்கு அடியா என்பது மாறும். களி என்றால் மூன்றரையோடு நிறுத்துங்கள். டெமோவை டீலர் காட்டும் இடத்தில் பார்க்காமல், தண்ணீர் கட்டிய உங்கள் நெல் வயலிலும், பிறகு அந்த வாழை வரிசையிலும் ஓட்டச் சொல்லுங்கள். வாங்கப்போகும் அதே அகல ரோட்டவேட்டரோடு, அரை மணியாவது நீங்களே சீட்டில் உட்கார்ந்து ஓட்டுங்கள். முன் எடைக்கட்டை, பிடிஓ உறை, கருவியை மேலே இணைக்கும் டாப் லிங்க், முதல் மூன்று சர்வீஸ் இவை விலையில் சேர்ந்ததா என்பதைக் கொட்டேஷனில் எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். உதிரிபாகக் கடை உடுமலையில் இருக்கிறதா, கோவைக்குப் போக வேண்டுமா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். மண் வகையையும், இரண்டு மாடலின் பிடிஓ எச்பி, கியர் வேகக் கட்டம் இரண்டையும் இங்கே எழுதினால் எது மேல் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முயல்கிறேன்.